கோடு விழுந்த சிலிண்டர்: போர் போடணுமா, ரிங் மாத்தினா போதுமா?

வாசகர் கேள்வி – மெக்கானிக் பதில்

கேள்வி: அப்பா ஓட்டிய பழைய காஸ்ட் அயர்ன் புல்லட் 350-ஐ வீட்டிலேயே பிரித்துவிட்டேனுங்க. பேரலை (சிலிண்டரை)க் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் நெட்டுக்குக் கோடு கோடாக இருக்கிறது, இரண்டு இடத்தில் நகம் மாட்டுகிறது. இங்கே ஒரு மெக்கானிக் ‘ஹோனிங் அடிச்சு ரிங் மாத்தினா ஓடிரும்’ என்கிறார். ஈரோட்டில் லேத் வைத்திருக்கும் மச்சான் ‘யோசிக்காம 50 சைஸ் போட்டுரு’ என்கிறார். பக்கத்து வீட்டு அண்ணன் ஸ்லீவ்தான் வழி என்று சத்தியம் செய்கிறார். இருப்பது ஸ்டாண்டர்டு பிஸ்டன்தான், இதுவரை போர் போட்டதில்லை. யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: புதியவர்களுக்கு ஒரு வரி: ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருக்கும் வளையம், ஹோனிங் என்பது சுவரைக் கல்லால் லேசாகத் தேய்ப்பது, போர் போடுவது என்றால் சுவரைக் கடைந்து பெரிதாக்கிப் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடுவது, ‘50 சைஸ்’ என்றால் 0.50 மி.மீ. பெரியது, ஸ்லீவ் என்றால் உள்ளே புது இரும்புக் குழாய் இறக்குவது. மூவர் சொல்வதும் ஏதாவது ஒரு பேரலுக்குச் சரியாக இருக்கும், உங்கள் பேரலுக்கு எது என்றுதான் கேள்வி. அதைச் சொல்ல அளந்திருக்க வேண்டும், மூவரில் யாரும் அளந்ததாக நீங்கள் எழுதவில்லை. கோட்டைப் பார்த்ததும் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள், ஆனால் போர் போட வைப்பது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத தேய்மானம்தான். கோடு ஒன்றுகூட இல்லாமல் பளபளவென்று இருக்கும் பேரல் உள்ளே கூம்பாகத் தேய்ந்து போயிருக்கும். கோடு விழுந்த பேரல் அளவில் அப்படியே இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

முதலில் பேரலை மண்ணெண்ணெயில் ஊற வைத்து நன்றாகத் துடையுங்கள். எரிந்துபோன ஆயில் சுவரில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு அச்சு அசலாகக் கோடு மாதிரியே தெரியும். துடைத்த பிறகு செல்போன் டார்ச்சை அடியிலிருந்து சாய்வாகப் பிடித்து மேலிருந்து பாருங்கள், நேராக அடித்தால் எல்லாம் மின்னும், ஒன்றும் புரியாது. குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்த மெல்லிய கோடுகள் தெரிந்தால் சந்தோஷப்படுங்கள், அது பழைய ஹோனிங் தடம், ஆயிலைப் பிடித்து வைப்பதே அதுதான். ஒரு பட்டையாகக் கண்ணாடி போல் மின்னினால் தடம் அங்கே தேய்ந்துவிட்டது. வளையம் வளையமாகக் கறுத்த புள்ளிகள் இருந்தால், வண்டி பல காலம் நின்றபோது ரிங் நின்ற இடத்தில் துரு அரித்திருக்கிறது.

இதில் பலரை ஏமாற்றுவது இன்னொன்று. பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்ட வண்டியில், பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். தடவினால் தழும்பு மாதிரி நெருடும், நகமும் மாட்டும், ஆனால் அங்கே சுவர் குறையவில்லை, மேலே ஒன்று ஏறியிருக்கிறது. காஸ்டிக் சோடா கரைசலைத் துணியில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வைத்தால் நுரைத்துக்கொண்டு அலுமினியம் கரையும், இரும்பை அது பெரிதாகத் தொடாது. உங்களுடையது முழு இரும்புப் பேரல் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். அலுமினியப் பேரலுக்குள் இரும்பு லைனர் (உள்குழாய்) இருக்கும் வண்டிகளில் கொஞ்சம் சிந்தினாலும் பேரலே அரித்துப்போகும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள், திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடிகூடப் பற்ற வைக்காதீர்கள், அந்த நுரை ஹைட்ரஜன். கரைந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே ஆயில் தடவிவிட்டு மறுபடி நகத்தை வைத்துப் பாருங்கள். உங்களுடைய இரண்டு இடத்தில் ஒன்று காணாமல் போனாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

நகத்தை மேலும் கீழுமாக ஓட்டாதீர்கள், கோட்டுக்குக் குறுக்காக, சுற்று வாக்கில் ஓட்டுங்கள். மாட்டினால் கோடு எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஆழத்தைப் போலவே இடமும் முக்கியம். ரிங் ஓடும் பகுதியின் மேல் பாதிதான் வெடிப்பின் முழு அழுத்தத்தையும் வாங்குகிறது. அங்கே மேலிருந்து கீழ்வரை நீளும் ஒரே ஒரு கோடு இருந்தாலும் அது காற்று இறங்கவும் ஆயில் ஏறவும் வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி. அதே கோடு அடியில், ரிங் எட்டாமல் பிஸ்டன் பாவாடை (பிஸ்டனின் அடிப்பகுதி) மட்டும் உரசும் இடத்தில் இருந்தால், ஓரத்தை மழுக்கிவிட்டு அப்படியே ஓட்டலாம்.

கோடு எந்தப் பக்கம் என்பது காரணத்தையும் சொல்லிவிடும், அதனால் பிஸ்டனையும் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள். புல்லட்டில் பிஸ்டன் சாய்ந்து அழுத்துவது முன்பக்கமும் பின்பக்கமும். அங்கே மட்டும் அகலமான சிராய்ப்பு என்றால் ஆயில் போதவில்லை அல்லது இன்ஜின் அதிகம் சூடேறியிருக்கிறது. பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கட்ஜன் பின் இருக்கும் இடது, வலது பக்கத்தில் ஒரே ஒரு ஆழமான பள்ளம் என்றால், அந்தப் பின்னைப் பிடித்திருக்கும் சர்க்ளிப் கழன்று, கட்ஜன் பின் நகர்ந்து சுவரைக் கிழித்திருக்கிறது. கட்ஜன் பின்னுக்கு இருபுறமும் நான்கு மூலையில் சிராய்ப்பு என்றால் பிஸ்டனுக்கு விட்ட இடைவெளி குறைவு, அல்லது வண்டியை ஸ்டார்ட் செய்த கையோடு முறுக்கியிருக்கிறார்கள். சுற்றிலும் மெல்லிசாக, எண்ண முடியாத அளவு கோடுகள் என்றால் தூசி. ஏர் ஃபில்டரிலிருந்து கார்புரேட்டர் வரை ரப்பரை மடக்கிப் பாருங்கள், வெடிப்பு இருக்கும். இதைக் கண்டுபிடிக்காமல் போர் போட்டால் புது பிஸ்டனும் அதே கதிக்குத்தான் போகும்.

இனி அளவு. பேரலின் மேல் விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் வரை ரிங் எட்டாது, அதனால் அந்த இடம் தேயாது. அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் இரண்டுக்கும் நடுவில் ஒரு படி நிற்கும். கரியைச் சுரண்டிவிட்டு நகத்தால் தடவுங்கள். படி தெளிவாக மாட்டினால் ரிங் மட்டும் மாற்றும் பேச்சை மறந்துவிடலாம். பழைய மேல் ரிங் அந்தப் படிக்கு ஏற்ப ஓரம் மழுங்கியிருக்கும், புது ரிங் கூரான ஓரத்தோடு போய் அதில் முட்டும், ரிங் உடையும் அல்லது பிஸ்டனில் ரிங் உட்காரும் இடமே உடையும்.

மச்சான் லேத்தில் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) இருந்தால் மேல் படிக்குச் சற்றுக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று மட்டத்திலும், ஒவ்வொரு மட்டத்திலும் முன்–பின், இடம்–வலம் என்று இரண்டு திசையிலும் அளக்கச் சொல்லி எழுதி வாங்குங்கள். மேலுக்கும் அடிக்கும் உள்ள வித்தியாசம் கூம்புத் தேய்மானம், ஒரே மட்டத்தில் இரண்டு திசைக்கும் உள்ள வித்தியாசம் முட்டைத் தேய்மானம். வெர்னியரின் உள்தாடையால் அளக்க வேண்டாம், பேசுவது நூறில் சில பங்கு மில்லிமீட்டர், அது அந்த வேலைக்குப் பத்தாது.

போர் கேஜ் கிடைக்கவில்லையா, வீட்டிலேயே ஒரு வழி இருக்கிறது. ஸ்டாண்டர்டு அளவில் புது ரிங் ஒன்றைப் பேரலுக்குள் போட்டு, பிஸ்டன் தலையாலேயே தள்ளினால் கோணாமல் உட்காரும். ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள வாய் இடைவெளியை ஃபில்லர் கேஜால் (மெல்லிய தகடுகள் கொண்ட அளவுகோல்) அளந்து பாருங்கள், ஒருமுறை அடியில், ஒருமுறை மேல் படிக்குக் கீழே. புல்லட் 350-இன் போர், அதாவது உள்விட்டம், 70 மி.மீ. பொதுக் கணக்காக 25 மி.மீ. போருக்கு 0.1 மி.மீ. வாய் என்று வைத்தால், தேயாத இடத்தில் 0.28, 0.30 என்று வர வேண்டும். அடியில் 0.30, மேலே 0.62 என்று வந்தால் வித்தியாசம் 0.32. அதை 3.14-ஆல் வகுங்கள், ஏறக்குறைய 0.1. அதாவது மேலே விட்டம் 0.1 மி.மீ. பெருத்திருக்கிறது. முட்டைத் தேய்மானம் இந்த வழியில் பிடிபடாது, அதற்குக் கேஜ்தான் வேண்டும்.

எவ்வளவு வரை விடலாம் என்பதை வண்டியின் மேனுவல்தான் முடிவு செய்ய வேண்டும், கம்பெனிக்குக் கம்பெனி மாறுகிறது. கையில் மேனுவல் இல்லையென்றால், கூம்பு 0.05-ஐத் தாண்டியதுமே நான் யோசிக்க ஆரம்பிப்பேன், 0.1 வந்துவிட்டால் யோசிக்க எதுவும் இல்லை, போர்தான்.

சரி, முடிவு எப்படி எடுப்பது? நகம் மாட்டவில்லை, படி இல்லை, கூம்பும் முட்டையும் குறைவு என்றால் உங்கள் ஊர் மெக்கானிக் சொன்னது சரி, ஹோனிங்கும் ரிங்கும் போதும். அளவு நன்றாக இருந்தும் ரிங் ஓடும் பகுதியில் நகம் மாட்டுகிறது என்றால் மச்சான் கட்சி ஜெயித்தது, ஆனால் ‘யோசிக்காம 50’ என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 0.25 ஓவர்சைஸ் என்றால் ஒரு பக்கச் சுவரில் 0.125 மட்டும்தான் எடுக்கிறோம். கோட்டின் ஆழம் 0.1 என்றால் 0.25-லேயே மறையும், 0.15 என்றால் மறையாது, அப்போது 0.50-க்குப் போகத்தான் வேண்டும். முதலில் கடையில் எந்தெந்தச் சைஸில் நல்ல பிஸ்டன் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். அப்புறம் லேத்தில் கிடைக்கும் சைஸில் சின்னதற்கே, அதுவும் கடைசி அளவுக்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தி, ஒரு கட்டிங் எடுக்கச் சொல்லிக் கோடு போகிறதா என்று பாருங்கள். போனால் அந்தச் சைஸ் பிஸ்டனை வாங்கிக் கையில் கொடுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து, கம்பெனி சொன்ன இடைவெளியைக் கூட்டி, கடைசி 0.05 மி.மீ. அளவை ஹோனிங்கில் முடிப்பதுதான் முறை. பிஸ்டன் இல்லாமல் பெட்டியில் அச்சடித்த அளவை நம்பிப் போர் போட்டு வைக்கும் கடையில் வேலையைக் கொடுக்காதீர்கள்.

ஒரே நேரத்தில் பெரிய சைஸுக்குத் தாவினால் பேரலின் ஆயுளில் இரண்டு, மூன்று வாய்ப்பைச் சும்மா தூக்கிப் போடுகிறோம். ஸ்டாண்டர்டில் இருக்கும் பேரலுக்கு ஸ்லீவ் இப்போதைக்கு வேண்டாம். கடைசி ஓவர்சைஸும் தீர்ந்த பிறகு, அல்லது சர்க்ளிப் கிழித்த பள்ளம் எந்தச் சைஸிலும் மறையாது என்று தெரிந்த பிறகு பக்கத்து வீட்டு அண்ணனிடம் போகலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் இன்ஜின் வேலை செய்கிறேன் என்று பாத்திரம் தேய்க்கும் லிக்விடைப் பாட்டிலோடு எடுத்துப் போய்விட்டார். இரும்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவினால் துருப்பிடிக்காதா? பெட்ரோல் போதாதா?
– வாசகி, பெருந்துறை

பதில்: அவர் செய்தது சரிதாங்க. ஹோனிங் அடித்த பிறகு கல் துகள் சுவரின் நுண்ணிய கோடுகளுக்குள் புதைந்து கிடக்கும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் ஆயிலைக் கரைத்துக்கொண்டு ஓடிவிடும், துகளை அங்கேயே விட்டுவிட்டுப் போகும். சுடுதண்ணீர், சோப்பு, நார் பிரஷ் மூன்றும் சேர்ந்தால்தான் அது கிளம்பும். துரு பிடிக்கும் என்பதும் உண்மைதான், துடைத்து வைத்துவிட்டு ஒரு டீ குடித்து வருவதற்குள் செம்மண் நிறம் ஏறிவிடும், அதனால் காய்ந்த கையோடு ஆயில் தடவச் சொல்லுங்கள்.

அவர் சுத்தமாகக் கழுவியிருக்கிறாரா என்று நீங்களே சோதிக்கலாம். வெள்ளைத் துணியில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தொட்டுப் பேரலுக்குள் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவ வேண்டும், வெள்ளையாகவே வரும்வரை. இதற்கு மட்டும் திருப்பூர் பனியன் வேஸ்ட் வேண்டாம். நம்ம பக்கம் எந்தப் பட்டறைக்குப் போனாலும் மூட்டையாகக் கிடக்கும், கை துடைக்க அதைவிட நல்லது இல்லை, ஆனால் நூலும் பிசிரும் உதிர்ந்து ரிங்கில் போய்ச் சிக்கும். பழைய வேட்டித் துணி நல்லது. உப்புத்தாளை வைத்து அவர் பேரலை மேலும் கீழும் தேய்க்க ஆரம்பித்தால் மட்டும் தாளைப் பிடுங்கிவிடுங்கள்.

கேள்வி: பழைய மாருதி 800 வைத்திருக்கிறேன். திம்பம் மலையில் 27 வளைவும் இறங்கி பண்ணாரி வந்து ஆக்ஸிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை மொத்தையாக வருகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. ஏறும்போது புகையே இல்லை. சிலிண்டர் போய்விட்டது, இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், சத்தியமங்கலம்

பதில்: இறக்காதீர்கள், குறைந்தபட்சம் இப்போதே வேண்டாம். மலை இறங்கும்போது ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வருகிறீர்கள், த்ராட்டில் மூடியிருப்பதால் இன்ஜினுக்குள் உறிஞ்சும் சக்தி அதிகமாகி, வால்வுத் தண்டு ஓடும் தேய்ந்த கைடு, அதன் சீல் வழியாக ஆயிலை இழுத்துச் சேர்த்து வைக்கிறது. கீழே வந்து மிதித்ததும் அது எரிகிறது. சிலிண்டரும் ரிங்கும் போயிருந்தால் பாரத்தோடு ஏறும்போதுதான் அதிகம் புகைந்திருக்கும்.

சந்தேகம் தீரக் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) கேஜ் வைத்துப் பாருங்கள். இன்ஜினைச் சூடாக்கி, மூன்று பிளக்கையும் கழற்றி, இக்னிஷன் இணைப்பைத் துண்டித்து, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துக்கொண்டு செல்ப் அடித்து ஒவ்வொரு சிலிண்டராகக் குறியுங்கள். மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங் அல்லது சுவர், ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். கம்ப்ரஸர் காற்றை பிளக் துளையில் விட்டுக் காது கொடுத்தும் கேட்கலாம், அந்தச் சிலிண்டரில் வால்வு இரண்டும் மூடியிருக்க வேண்டும், கியர் போட்டு வண்டியை அசையாமல் நிறுத்தியிருக்க வேண்டும். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங் பக்கம், சைலன்சரில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, கார்புரேட்டரில் என்றால் இன்லெட் வால்வு. வால்வு சீல் வேலை என்றால் ஹெட்டோடு முடிந்துவிடும்.

கேள்வி: டிராக்டர் இன்ஜினில் லைனரைப் பிடுங்கினோம். உள்ளே கண்ணாடி மாதிரி நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் வெளிப்பக்கம், தண்ணீர் படும் இடத்தில், ஊசியால் குத்தியது போல் குழி குழியாக இருக்கிறது. ரப்பர் வளையத்தை மட்டும் மாற்றித் திருப்பிப் போடலாமா?
– வாசகர், தாராபுரம்

பதில்: போட வேண்டாம். பிஸ்டன் பக்கவாட்டில் அடிக்கும் ஒவ்வொரு முறையும் லைனர் அதிர்கிறது, வெளியே தண்ணீரில் நுண்ணிய குமிழ் உண்டாகி உடைகிறது, அந்த உடைப்பு இரும்பைக் கொத்தி எடுக்கிறது. குழிகள் பெரும்பாலும் ஒரே பக்கமாக நெட்டுக்கு வரிசையாக இருக்கும், பாருங்கள். உள்ளே வரை துளை விழுந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்து மோர் மாதிரி ஆகிவிடும், அப்போது பேரிங்கும் சேர்ந்து போகும். உள்ளே கண்ணாடி மாதிரி இருப்பதும் நல்ல சேதி இல்லை, ஹோனிங் தடம் போய்விட்டது என்று அர்த்தம்.

லைனர், பிஸ்டன், ரிங் செட்டாக மாற்றுங்கள். பிளாக்கில் லைனர் உட்காரும் மேல் விளிம்பில் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், உட்கார்ந்த லைனர் பிளாக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நிற்க வேண்டும் என்பதை மேனுவல்படி டயல் கேஜில் சரிபாருங்கள், அதில் கோட்டை விட்டால் ஹெட் கேஸ்கட் நிற்காது. அப்புறம் ரேடியேட்டருக்குத் தோட்டத்துப் போர்வெல் தண்ணீர் ஊற்றுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் லைனரைச் சுற்றிச் சுண்ணாம்பு மாதிரி படிந்து சூட்டை வெளியே விடாது. கூலன்ட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் கலந்து ஊற்றுங்கள், கூலன்ட்டில் இருக்கும் மருந்துதான் இந்தக் குழி விழாமல் காக்கிறது.

கேள்வி: ஆர்எக்ஸ் 100-க்குப் போர் போட்டு, புது பிஸ்டன் போட்டேன். கொஞ்ச நாளிலேயே ரிங் உடைந்துவிட்டது.
– வாசகர், பவானி

பதில்: ஆர்எக்ஸ் 100 டூ ஸ்ட்ரோக் வண்டி, அதன் பேரல் சுவரிலேயே பெட்ரோல் கலவையும் புகையும் போய்வரும் போர்ட் வாசல்கள் இருக்கின்றன. போர் போட்டதும் அவற்றின் ஓரம் கத்தி மாதிரி கூராகிவிடும், ரிங் ஒவ்வொரு சுற்றிலும் அதில் இடிக்கும். ஓரத்தை நைசாகச் சாய்த்துவிட வேண்டும், நிறைய லேத்தில் இதைச் செய்வதே இல்லை, கேட்டால்தான் செய்வார்கள். ரிங் வாய் பிஸ்டனில் இருக்கும் குட்டிப் பின்னில் சரியாக உட்கார்ந்ததா என்பதையும் பாருங்கள்.

கேள்வி: 2010-இல் வாங்கிய ஆர் 15. சிலிண்டரில் கோடு. லேத்தில் ‘போர் போட்டுத் தர்றேன்’ என்கிறார்கள். போடலாமா ப்ரோ?
– வாசகர், திருப்பூர்

பதில்: கூடாது. 2008-இல் வந்த முதல் ஆர் 15-லிருந்தே சிலிண்டர் ‘டயாசில்’ வகை, சிலிக்கான் கலந்த அலுமினியத்திலேயே வார்த்தது, உள்ளே இரும்பு லைனர் கிடையாது. சாதாரண போரிங்கும் ஹோனிங் கல்லும் அந்தச் சுவரைக் கெடுத்துவிடும், ஓவர்சைஸ் பிஸ்டன் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிலிண்டரும் பிஸ்டனும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். எந்த வண்டியாக இருந்தாலும் லேத்துக்கு எடுத்துப் போகும் முன் ஒரு காந்தத்தைப் பேரலுக்குள் வைத்துப் பாருங்கள். கப்பென்று பிடித்தால் இரும்பு லைனர். வழுக்கி விழுந்தால் அலுமினியமோ பூச்சுச் சிலிண்டரோதான், திருப்பி வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.